அளவைச் சொல்லுங்கள், அறிவுரை போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் எடை குறைப்பதைப் பற்றி நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. எண்ணெயைக் குறையுங்கள், நடங்கள், நன்றாகத் தூங்குங்கள், கவலைப்படாதீர்கள். இதில் தவறு ஒன்றும் இல்லை, பயனும் இல்லை. எண்ணெயை எவ்வளவிலிருந்து எவ்வளவுக்குக் குறைப்பது? அரை மணி நேரம் நடந்தால் எவ்வளவு கரையும்? காலை 8 மணிக்குக் கிளம்பி இரவு 8 மணிக்கு வீடு திரும்புகிறவர், வார இறுதியில் விருந்தும் உள்ளவர், இதையெல்லாம் எந்த இடுக்கில் நுழைப்பது? யாரும் சொல்லாததால் அவர் தனக்குத்தானே ஒரு தண்டனை விதித்துக்கொள்கிறார். இரவுச் சாப்பாட்டை விடுகிறார், நண்பர்கள் கூப்பிட்டால் சாக்குச் சொல்கிறார், மூன்றாம் வாரம் எல்லாவற்றையும் கைகழுவுகிறார். உணவியலிலும் உடற்பயிற்சிச் சிகிச்சையிலும் அன்றாடம் புழங்குகிறவர்கள் நாங்கள். வாழ்க்கையின் கலகலப்பை விட்டுக்கொடுக்காமல் எடையைக் குறைக்கும் வழியை எண்களோடு எழுத விரும்புகிறோம். கடிதம் கொஞ்சம் நீளும்.

முதலில் ஒரு சாக்கைப் பார்த்துவிடலாம். "நாற்பதைத் தாண்டினால் உடம்பு மந்தமாகிவிடும், பச்சைத் தண்ணீர் குடித்தாலும் சதை போடும்" என்பார்கள். 2021இல் 'சயன்ஸ்' இதழில் ஹெர்மன் பான்ட்சரும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, பிறந்து 8 நாளான குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை 6,400க்கும் அதிகமானோர் ஒரு நாளில் செலவழிக்கும் ஆற்றலைக் கணக்கிட்டது. உடலின் அளவையும் கொழுப்பு நீங்கலான எடையையும் கழித்துப் பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வரை அந்தச் செலவு ஏறக்குறைய அசையவே இல்லை. 60க்குப் பிறகுதான் ஆண்டுக்கு 0.7 சதவீதம் என்ற அளவில் இறங்குகிறது. ஆக, 45 வயதில் அடுப்பு அணைந்துவிடவில்லை. ஆனால் 'கொழுப்பு நீங்கலான எடை' என்ற சொல்லைக் கவனியுங்கள். அதில் பெரும்பங்கு தசை. வேலை கொடுக்காத தசை, 30க்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தேய்கிறது. அடுப்பு அதேதான், விறகுதான் குறைந்துகொண்டே வருகிறது.

இன்னொரு பக்கம், தினசரி மிச்சம். அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலின் குழுவினர் 2011இல் 'லான்செட்' இதழில் தந்த கணக்கு எளிமையானது: நாளுக்கு 10 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு அதையே தொடர்ந்தால், எடை கடைசியில் சுமார் அரை கிலோ கூடி நிற்கும். அதில் பாதி ஓராண்டில் ஏறும், மீதியில் பெரும்பங்கு மூன்று ஆண்டுக்குள் வந்து சேரும். இதையே பத்தால் பெருக்குங்கள். நாளுக்கு 100 கலோரி என்றால் மூன்று ஆண்டில் நாலரை, ஐந்து கிலோ. 100 கலோரி என்பது ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்கும் குறைவு. நடுவயதுத் தொப்பைக்குப் பின்னால் பெருந்தீனி எதுவும் இருப்பதில்லை. கண்ணில் படாத ஒரு கரண்டி பல வருஷம் ஓடியிருக்கும், அவ்வளவுதான்.

அப்படியானால் இலக்கு எவ்வளவு? 25 வயதுப் புகைப்படத்தைப் பார்த்து இலக்கு வைப்பவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். அமெரிக்காவில் நீரிழிவு வரும் விளிம்பில் இருந்த 3,200க்கும் மேற்பட்டோரை வைத்து நடத்திய பெரிய ஆய்வு 2002இல் வெளியானது. அவர்களில் ஒரு பிரிவினருக்குக் கொடுத்த இலக்கு, உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சி. அந்தப் பிரிவில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. 80 கிலோ எடையுள்ளவருக்கு 7 சதவீதம் என்பது ஐந்தரை கிலோ. அதை முதல் இலக்காக வைக்கலாம்.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. நாளுக்கு 400 கலோரி குறைத்தால் வாரத்துக்கு 2,800. அதாவது 350 கிராம் சொச்சம். காகிதக் கணக்கில் ஐந்தரை கிலோவுக்கு 15, 16 வாரம். எடை இறங்க இறங்கத் தேவையும் இறங்குவதால் நடைமுறையில் 20 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஒரே மாதத்தில் பத்து கிலோ' விளம்பரத்தோடு ஒப்பிட்டால் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் வேகமாக இறங்குகிறவர்களுக்குப் பித்தப்பையில் கல் சேரும் ஆபத்து கூடுகிறது. தசையும் கூடவே கரைகிறது.

இந்த 400 கலோரியை ஒரே இடத்தில் பிடுங்கினால் வலிக்கும். நாலைந்து இடத்தில் கிள்ளினால் தெரியாது. எங்கே கிள்ளுவது என்று பார்ப்போம்.

எண்ணெயிலிருந்து தொடங்குவதற்குக் காரணம், அதை அளப்பது எளிது, யாரும் அளப்பதில்லை. கரண்டியால் ஊற்றுகிறோம் என்று சொல்கிறவர்களும் பாட்டிலைச் சாய்த்துத்தான் ஊற்றுகிறார்கள். கரண்டி நிரம்பிய பிறகும் ஒரு நூல் ஓடும். ஞாயிறு காலை, எண்ணெய் நிற்கும் மட்டத்தில் பாட்டிலின் மேல் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த ஞாயிறு, அந்தக் கோடு வரை திரும்ப நிரப்ப எத்தனை மில்லி வேண்டியிருக்கிறது என்று அளவுக் கோப்பையால் ஊற்றிப் பாருங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் 800 மி.லி. பிடிக்கிறது என்று வையுங்கள். ஆளுக்கு நாளுக்கு 28 மி.லி.க்கு மேல், சுமார் 230 கலோரி. இதை 15 மி.லி.க்கு இறக்கினால் 110 கலோரி மிச்சம், பசி ஒரு துளிகூடக் கூடாது. வழி இதுதான்: நாலு பேருக்கு வாரத்துக்கு 420 மி.லி.யைத் தனி பாட்டிலில் ஊற்றி அடுப்புப் பக்கம் வைப்பது, அந்த வாரம் அதோடு சரி. செவ்வாய்க்கிழமையே பாதி பாட்டில் காலியானால், எந்தச் சமையல் அதைக் குடித்தது என்பது சமைத்தவருக்கே தெரிந்துவிடும். பொரிக்க ஊற்றியதில் மீந்த எண்ணெயைக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எண்கள் குழம்பும்.

இதில் வழக்கமாகக் கெடுவது ஒன்று உண்டு. எண்ணெயைக் குறைத்ததும் வாணலியில் எல்லாம் ஒட்டுகிறது, ருசி போய்விட்டது என்று பத்தாம் நாள் பழைய பாட்டிலுக்கே திரும்புவார்கள். குளிர்ந்த பாத்திரத்தில் எண்ணெய் கெட்டியாக ஒரே இடத்தில் தேங்கும், பரவவில்லையே என்று கை இன்னும் ஊற்றும். பாத்திரத்தை முதலில் சூடாக்குங்கள். அதே எண்ணெய் இளகி முழுதும் ஓடிவிடும். அடி கனமான பாத்திரம், வதக்கும்போது இரண்டு கை தண்ணீர் தெளித்து மூடி போடுவது, இவ்வளவு போதும்.

பானங்கள் அடுத்த இடம். நாளுக்கு மூன்று டீயோ காபியோ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் 24 கிராம், கிட்டத்தட்ட 100 கலோரி. குடிக்கும் கலோரிக்கு வயிறு பற்று வைப்பதில்லை. மென்று தின்ற 100 கலோரி பசியை ஆற்றுகிற அளவுக்குக் குடித்த 100 கலோரி ஆற்றாது. ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. கோப்பைக்கு வாரம் கால் தேக்கரண்டி குறையுங்கள். எட்டு வாரத்தில் சர்க்கரை இல்லாமலே போய்விடும், நாக்கும் கூடவே பழகிவரும். பழரசம் நல்லது என்ற எண்ணத்தையும் விட வேண்டியிருக்கிறது. மூன்று பழத்தை உட்கார்ந்து மென்று தின்ன நேரமாகும். அதன் சாறு அரை நிமிடத்தில் உள்ளே போய்விடும்.

மாலை ஐந்து மணிப் பொட்டலம் மூன்றாவது. பொரித்த மொறுமொறு தீனி 40 கிராமில் 200 கலோரிக்கு மேல். 2019இல் கெவின் ஹால் குழு 20 பேரை நாலு வாரம் ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் அதிகம் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரணச் சமையலும் கொடுத்தது. இரண்டிலும் பரிமாறிய சர்க்கரை, கொழுப்பு, நார் அளவுகள் ஒன்றுபோல இருந்தன. வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்றபோது, பதப்படுத்திய உணவில் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் உள்ளே போனது. அவர்கள் அதை வேகமாகவும் சாப்பிட்டார்கள். ஆகவே மாலைத் தீனியில் மன உறுதியைச் சோதிப்பதைவிட, பொட்டலம் மேசை இழுப்பறையில் இல்லாமல் பார்த்துக்கொள்வது சுலபம். அந்த இடத்தில் ஒரு பழமும் பத்து பாதாமும் போதும். பத்துதான், கைப்பிடி அல்ல. பெரிய கைப்பிடி 30 கிராம் பிடிக்கும். அதுவே 170, 180 கலோரி.

ஆனால் மாலை ஐந்து மணிப் பசியின் வேர் அந்த மேசையில் இல்லை; காலையிலும் மதியமும் தட்டில் புரதம் இல்லாததில் இருக்கிறது. எடை குறைக்கும் நடுவயதுக்காரருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம் புரதம் வேண்டும். அதிக எடை உள்ளவர்கள் இலக்கு எடையை வைத்துக் கணக்கிட்டால் போதும். 75 கிலோவுக்குக் குறைந்தது 90 கிராம். வேளைக்கு 30. இது எவ்வளவு என்று தெரியாமல்தான் பலர் 'நான் புரதம் சாப்பிடுகிறேனே' என்கிறார்கள். ஒரு முட்டையில் 6 கிராம். 250 மி.லி. பாலில் 8. 200 கிராம் தயிரில் 7. கெட்டியாக வெந்த பருப்போ பயறோ ஒரு கோப்பை, அதாவது 200 கிராம், 18 கிராம் கொடுக்கும். பருப்பு மிதக்கும் தண்ணீர் அதில் கால்வாசிகூடக் கொடுக்காது; கரண்டி அடிவரை போக வேண்டும். சமைத்த மீன் 100 கிராமில் 20 முதல் 22, தோல் நீக்கிய கோழியின் நெஞ்சுக்கறியில் 30. உலர்ந்த சோயா உருண்டை 30 கிராமில் 15. ரொட்டியும் டீயுமாக முடியும் காலை உணவில் பத்து கிராம் தேறுவதே அரிது. அதில் இரண்டு முட்டையும் ஒரு கோப்பைப் பாலும் சேர்ந்தால் அந்த வேளை ஒழுங்காகிவிடும். சைவர்களுக்குக் கோப்பைப் பயறும் தயிரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

இத்தனையும் செய்கிறேன், இறங்கவில்லை என்கிறவர்களுக்கு 1992இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட ஒரு சின்ன ஆய்வைச் சொல்ல வேண்டும். 'கொஞ்சம்தான் சாப்பிடுகிறேன், குறையவே மாட்டேன் என்கிறது' என்றவர்களை அளந்து பார்த்தார்கள். அவர்கள் சொன்னது உண்மையில் சாப்பிட்டதைவிட 47 சதவீதம் குறைவு. செய்ததாகச் சொன்ன உடல் உழைப்பு 51 சதவீதம் மிகை. அவர்கள் பொய்யர்கள் அல்ல. நின்றபடி வாயில் போட்டது, பிள்ளை தட்டில் மீந்தது, சமைக்கும்போது ருசி பார்த்தது, இவை எதுவும் நினைவில் 'சாப்பாடு' என்று பதிவாவதில்லை. மூன்று நாள், அதில் ஒரு விடுமுறை நாள், வாயில் போகும் ஒவ்வொன்றையும் தின்னும் முன் போனில் படம் எடுங்கள். எழுதி வைக்க வேண்டாம். நாலாம் நாள் காலை உட்கார்ந்து அந்தப் படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தால் போதும்.

இனி விருந்து. உணவுத் திட்டங்கள் அதிகம் உடைகிற இடம் இதுதான், அதிகம் பொய் சொல்லப்படுகிற இடமும் இதுதான். 'கூட்டத்துக்குப் போகாதே' என்பது எங்கள் தரப்பு ஆட்கள் சிலர் கொடுக்கும் சோம்பேறி அறிவுரை. நடுவயதில் நட்பும் உறவும் நாலு பேரோடு சிரிப்பதும் ஆரோக்கியத்தின் பகுதி. அதை வெட்டி எடை குறைத்தவர் பிறகு அதைத் திரும்ப ஒட்டும்போது எடையும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் கணக்கு கணக்குதான். வாரத்தில் ஐந்து நாள் 400 வீதம் 2,000 குறைத்துவிட்டு, சனி ஞாயிறு இரண்டு விருந்தில் ஆயிரம் ஆயிரமாகக் கூட்டினால் அந்த வாரம் பூஜ்யம். 'வாரம் முழுக்கக் கட்டுப்பாடாக இருந்தும் குறையவில்லை' என்ற புகாரில் பாதிக்கு இதுதான் விடை.

வாரத்தை ஒரு பட்ஜெட்டாகப் பாருங்கள். ஆறு நாள் 400 குறைவு, ஒரு நாள் குறைவும் இல்லை கூடுதலும் இல்லை. அந்த ஒரு நாள் விருந்து நாள். அன்று காலையும் மதியமும் பட்டினி கிடந்து போவது மிக மோசமான உத்தி. முதல் பத்து நிமிடத்தில் கை கட்டுப்பாட்டை இழக்கும். போவதற்கு ஒரு மணி நேரம் முன் 20 கிராம் புரதம், இரண்டு கோப்பைத் தண்ணீர். அங்கே போனதும் தட்டைக் கையில் எடுக்காமல் உணவு மேசையை ஒரு முறை சுற்றிவந்து, எதற்காக வந்தோமோ அந்த இரண்டு பண்டங்களை முடிவு செய்யுங்கள். வீட்டில் தினமும் கிடைப்பதற்குத் தட்டில் இடம் தராதீர்கள். அந்த இரண்டையும் நிதானமாக, ரசித்து, குற்ற உணர்ச்சி இல்லாமல் சாப்பிடுங்கள். உணவு மேசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் பேச்சும் நன்றாக இருக்கும். இரண்டாம் முறை போட்டுக்கொள்வதானால் இருபது நிமிடம் கழித்து. அதற்குள் வயிறு தகவல் அனுப்பிவிடும். மது அருந்துகிறவர்கள் கவனிக்க: ஆல்கஹால் கிராமுக்கு 7 கலோரி, 330 மி.லி. பியரில் சுமார் 140. அதைவிட, இரண்டாவது கோப்பைக்குப் பிறகு கை நீளும் வறுவல்தான் பெரிய செலவு. கோப்பைக்குக் கோப்பை இடையே ஒரு டம்ளர் தண்ணீர் என்ற விதி இரண்டையும் குறைக்கும்.

மறுநாள் காலை தராசு ஒரு கிலோ, ஒன்றரை கிலோ கூடக் காட்டும். இங்கேதான் பலர் மனம் உடைகிறார்கள். உடம்பில் சேரும் மாவுச்சத்தின் சேமிப்பு, கிராமுக்கு 3 கிராம் அளவு தண்ணீரைப் பிடித்து வைக்கும். உப்பும் தண்ணீரை நிறுத்தும். குடலில் உணவின் எடையும் இருக்கிறது. ஒரு கிலோ கொழுப்பு ஒரே இரவில் சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் 7,700 கலோரி தின்றிருக்க வேண்டும். யாராலும் ஆகாத காரியம். மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்டாமல் வழக்கமான சாப்பாடு சாப்பிட்டால், மூன்று நாளில் தண்ணீர் இறங்கிவிடும். உணவைக் குறைத்த முதல் வாரம் இரண்டு கிலோ குறைந்ததே என்று துள்ளுகிறவர்களுக்கும் இதே பதில்தான்: அதில் பெரும்பாலானது தண்ணீர்.

அதனால் தராசை ஒற்றை நாள் வைத்துப் படிக்கக்கூடாது. காலையில், கழிவறை போய்வந்தபின், எதுவும் குடிக்கும் முன், வாரம் நாலு நாளாவது நின்று, வாரச் சராசரியை எழுதுங்கள். ஒரு வாரச் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு மட்டும் ஒப்பிடுங்கள். கூடவே நாடா. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், நாடா தோலை அழுத்தாமல் தரைக்கு இணையாக. பேன்ட் போடும் இடத்தில் அளந்தால் தொப்பை நாடாவுக்கு மேலே வழிந்து கணக்கிலிருந்து தப்பிவிடும். சுற்றளவு உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும், 170 செ.மீ. உயரத்துக்கு 85. மூன்று வாரம் எடை நின்றுபோயும் இடுப்பு ஒரு செ.மீ. குறைந்திருந்தால் ஒன்றையும் மாற்றாதீர்கள்.

உடற்பயிற்சிக்கு வருவோம். நடை நல்லது, எடை குறைப்பதில் அதன் பங்கு நினைப்பதைவிடச் சிறியது. 80 கிலோ உள்ளவர் அரை மணி நேரம் விறுவிறுவென்று நடந்தால் 140 கலோரி செலவாகும். சும்மா இருந்தாலும் செலவாகியிருக்கும் பங்கைக் கழித்தால் 100. அதைத் துண்டு துண்டாகவும் சேர்க்கலாம்: போன் பேசும்போது நடப்பது, சாப்பிட்டபின் பத்து நிமிடம். சாப்பிட்டபின் நடப்பது இரத்தச் சர்க்கரை ஏறுவதையும் தணிக்கும். நாளுக்குப் பத்தாயிரம் அடி என்பது 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயர். மருத்துவம் கணக்குப் போட்டுச் சொன்ன எண் அல்ல. 7,000 அடியிலேயே பெரும்பான்மைப் பலன் வந்துவிடுகிறது.

நடுவயதில் தவிர்க்கக்கூடாதது எடை தூக்கும் பயிற்சி. சாப்பாட்டை மட்டும் குறைத்து இழக்கும் எடையில் கால் பங்கு வரை தசையும் கொழுப்பு அல்லாத பிற திசுவுமாக இருக்கும். தேய்ந்துகொண்டிருக்கும் தசையை நாமே இன்னும் கரைத்தால், பிறகு பழைய அளவு சாப்பிட்டாலே எடை ஏறும். வாரம் இரண்டு நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி, ஒவ்வொரு நாளும் 25 நிமிடம். ஐந்து அசைவுகள்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரிலோ மேசை விளிம்பிலோ கை ஊன்றித் தள்ளுவது, ரப்பர் பட்டையை மார்பை நோக்கி இழுப்பது, முதுகு நேராக இருக்க இடுப்பில் மடங்கிக் கனத்தைத் தரையிலிருந்து எடுப்பது, இரண்டு கையிலும் கனமான பைகளோடு நடப்பது. முதல் நான்கும் 8 முதல் 12 தடவை, இரண்டு சுற்று. பைகளோடு நடப்பது முப்பது நொடி, அதுவும் இரண்டு சுற்று.

நாற்காலிப் பயிற்சியை மட்டும் விவரமாகச் சொல்கிறோம், மற்றவற்றுக்கும் அதே இலக்கணம்தான். சுமார் 45 செ.மீ. உயர நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள், பின்னால் நழுவாது. விளிம்பில் உட்கார்ந்து, பாதங்களை இடுப்பகலத்துக்கு விலக்கி, குதிகாலை முட்டிக்குச் சற்று உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். பாதம் முன்னால் தள்ளியிருந்தால் எழவே முடியாது, கை தொடையை ஊன்றத் தேடும். மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேரே வரும்வரை முன்சாய்ந்து, மூச்சை விட்டுக்கொண்டே எழுங்கள். மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் எகிறும். எழ ஒரு நொடி, உட்கார மூன்று நொடி. தொப்பென்று விழுந்தால் பயிற்சியில் பாதி வீண், ஏனெனில் இறங்கும்போது தாங்குவதும் தசைக்கு வேலைதான். முட்டிகள் உள்பக்கம் சாய்கின்றனவா என்று கண்ணாடியில் பாருங்கள். சாய்ந்தால் இடுப்புப் பக்கத் தசை பலவீனம். முட்டிக்குச் சற்று மேலே ரப்பர் பட்டையை மாட்டி, அதை வெளியே தள்ளியபடி செய்யுங்கள். கடைசி இரண்டு தடவை சிரமமாக இருக்க வேண்டும். 12 தடவை சுலபமாகிவிட்டால் புத்தகங்கள் போட்ட ஐந்து கிலோ பையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஒரு சுற்று மட்டும். ஆர்வத்தில் நாலு சுற்று செய்து, மறுநாள் படி இறங்க முடியாமல் போய், அதோடு பயிற்சிக்கே முழுக்குப் போடுகிறவர்கள் நிறைய. ஒன்றிரண்டு நாள் தசை வலிப்பது சகஜம். செய்யும்போதே மூட்டில் குத்தினால் நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டும்.

இந்த 25 நிமிடத்தை 'நேரம் கிடைக்கும்போது' என்று விட்டால் கிடைக்காது. காலையில் காபி கொதிக்கும் நேரம்போல, ஏற்கனவே நிலைத்துப்போன ஒரு பழக்கத்தின் வாலில் கட்டுங்கள். புதுப் பழக்கம் 21 நாளில் படிந்துவிடும் என்பது வெறும் பேச்சு. 2010இல் வெளியான லண்டன் ஆய்வில் சராசரியாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18, சிலருக்கு 250க்கும் மேல் என்று கணக்கிட்டார்கள். நடுவே ஒரு நாள் தவறியதால் கெட்டுப்போகவில்லை.

தூக்கத்தைப் பற்றி ஒரே ஒரு தகவல். 2010இல் சிகாகோ ஆய்வாளர்கள் பத்துப் பேருக்கு அதே அளவு கலோரி கொடுத்து, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும் வேறு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் விட்டார்கள். இரண்டிலும் குறைந்த எடை ஏறத்தாழ ஒரே அளவுதான், சுமார் மூன்று கிலோ. நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு; தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோதான், மீதி உடம்பின் நல்ல திசு. நள்ளிரவு வரை போனைத் தள்ளிக்கொண்டிருப்பவர் பட்டினி கிடந்து தசையைத்தான் கரைக்கிறார். உரக்கக் குறட்டை விட்டு, பகலில் தூங்கி வழிகிறவர்கள் தூக்க மூச்சுத்தடை இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பெண்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு, அதைச் சோம்பல் என்று பழிப்பது அநியாயம். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது தொடையிலும் இடுப்பிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் குடிபெயரும். இரவு வியர்வை தூக்கத்தைக் கெடுக்கும். தராசு அதே எண்ணைக் காட்ட, நாடா மட்டும் ஏறும். அவர்களுக்கு எலும்புக்காகவும் எடைப் பயிற்சி அவசியம். வியர்வை தாங்க முடியாத அளவென்றால் அதற்குச் சிகிச்சை உண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

மருந்துகளையும் மறக்கக்கூடாது. ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மாத்திரைகள், வலிப்பு, நரம்பு வலி மாத்திரைகள் சில, எடையைக் கூட்டக்கூடியவை. தாமாக நிறுத்தக்கூடாது, மாற்று இருக்கிறதா என்று கேட்கலாம். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் அளவைச் சரிபார்க்க வேண்டும். பழைய அளவு மருந்தும் புதிய அளவு சாப்பாடும் சேர்ந்தால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரும். தைராய்டு குறைவால் கூடும் எடை பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து கிலோவுக்குள், அதிலும் கணிசம் தண்ணீர். இருபது கிலோவுக்குத் தைராய்டைக் குற்றம் சொல்ல முடியாது.

பசியைக் குறைக்கும் ஊசி போட்டுக்கொள்வதில் அவமானம் எதுவும் இல்லை. செமாகுளூட்டைடு ஊசியோடு உணவு, உடற்பயிற்சி ஆலோசனையும் சேர்ந்த 2021ஆம் ஆண்டு ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. எல்லாவற்றையும் நிறுத்திய ஓராண்டில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. ஊசி போடும் காலத்தில் பசி அடங்கிப்போவதால் புரதமும் குறைந்துவிடும். மேலே சொன்ன வேளைக்கு 30 கிராமும் வாரம் இரண்டு நாள் பயிற்சியும் அவர்களுக்குத்தான் அதிகம் தேவை.

குறைத்த பிறகு என்ன என்று உங்கள் பக்கங்களில் யாரும் எழுதுவதில்லை, முன்-பின் புகைப்படத்தோடு கதை முடிந்துவிடுகிறது. 80 கிலோ உடம்புக்குத் தேவைப்பட்ட சாப்பாடு 74 கிலோவுக்குத் தேவையில்லை. இலக்கைத் தொட்டதும் 'பழையபடி' சாப்பிட்டால் பழைய எடைதான் வரும். 1994இல் தொடங்கிய அமெரிக்கப் பதிவேடு ஒன்றில், 13.6 கிலோவுக்குக் குறையாமல் இழந்து ஓராண்டாவது தக்கவைத்தவர்கள் சேர்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வாரத்துக்கு ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள், நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடம்பை அசைக்கிறார்கள். குறைப்பதில் சின்னப் பங்கு வகித்த நடை, தக்கவைப்பதில் பெரிய ஆளாகிவிடுகிறது. இலக்கு எடைக்கு மேல் இரண்டு கிலோவில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வாரச் சராசரி அதைத் தாண்டினால் புதிதாக உணவுத் திட்டம் எதுவும் தேட வேண்டாம். 420 மி.லி. பாட்டிலையும் மூன்று நாள் போன் படங்களையும் இரண்டு வாரத்துக்குத் திரும்ப எடுங்கள். விருந்து நாள் அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உணவியல், உடற்பயிற்சிச் சிகிச்சைத் துறைகளில் பணியாற்றுவோர் சிலர்